சாமுராய் ஆயுதங்களை அனிமேஷனுக்கு வரையப் போகிறீர்களா? ஆண்டு, அளவு, அனுமதி, செலவு

சாமுராய் கதை ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, இணையத்தில் ‘கட்டானா’ என்று தட்டி வருகிற படங்களையெல்லாம் ஒரு ஃபோல்டரில் கொட்டி வைப்பது. ஃபோல்டர் நிறைந்துவிடும், வேலை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. அலங்கார வாள் விற்கிற கடைகளின் படங்கள், கணினி தானாக உருவாக்கிய படங்கள், எந்த நூற்றாண்டு என்றே தெரியாத படங்கள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். சென்னையில் சிறிய ஸ்டுடியோ ஒன்றின் குறும்படத்துக்குப் ப்ராப் டிசைன் (பாத்திரங்கள் கையாளும் பொருள்களின் வடிவமைப்பு) செய்து அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழி தெரியாமல், கையில் பெரிய பட்ஜெட் இல்லாமல், எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் விஷயம். வரலாற்றுப் பாடம் நடத்தப் போவதில்லை. வரைவதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஐந்து முதல் பத்து நிமிடப் படம் என்றால் ஆறு வாரம் ஒதுக்குங்கள். படம் பார்த்துக் குறிப்பெடுக்க அவ்வளவு நாள் ஆகாது. கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் நாளைத் தின்னும்.

1. ஆண்டை எழுதி வாங்குங்கள்

டைரக்டரிடம் கேட்டால் “சும்மா, பழைய ஜப்பான்” என்பார். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். கதை நடக்கும் ஆண்டை, குறைந்தபட்சம் எந்தப் பத்தாண்டு என்பதை, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மின்னஞ்சலில் ‘சரி’ என்று பதில் வந்தாலும் போதும். வாளின் வளைவு, அதை இடுப்பில் மாட்டும் விதம், கவசம், குதிரை மேல் இருக்கிறவன் கையில் வில்லா ஈட்டியா என்பது வரை எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும்.

வரைபவருக்கு மூன்று காலங்கள் தெரிந்தால் போதும்.

1180 முதல் 1185 வரை நடந்த கெம்பேய் போரை ஒட்டிய காலம். சாமுராய் என்றால் குதிரை மேலிருந்து அம்பெய்பவன். வில்தான் முதல் ஆயுதம், வாள் அதற்கு அடுத்துத்தான். ஓயொரோய் என்ற பெட்டி போன்ற கனத்த கவசம், தோளில் அகலமான தொங்கு தகடுகள். 1274, 1281 மங்கோலியப் படையெடுப்புகள் வரை இந்தத் தோற்றம் பெரிதாக மாறவில்லை.

1467 தொடங்கி 1600 செகிகஹாரா போர் வரையான உள்நாட்டுப் போர்க் காலம். ஈட்டிதான் போர்க்களத்தின் ராஜா. அஷிகாரு என்ற காலாள் படை கூட்டம் கூட்டமாக வருகிறது. 1543-இல் தனெகாஷிமா தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி இறங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு எதிலும் அது தலைகாட்டக் கூடாது.

1603 முதல் 1868 வரை ‘எதோ’ (Edo) என்று பெயர் பெற்ற காலம். பெரும் போர்கள் ஓய்ந்துவிட்டன. நீள வாள் ஒன்று, குட்டை வாள் ஒன்று என்று இடுப்பில் இரண்டு செருகிக்கொண்டு தெருவில் நடக்கும் சாமுராய் இந்தக் காலத்து ஆள். நாம் மனதில் வைத்திருக்கும் உருவம் பெரும்பாலும் இவன்தான். 1876-இல் வாள் அணிவதையே அரசு தடை செய்துவிட்டது.

அதிகம் பேர் விழும் குழி இங்கேதான்: எதோ காலத்து இரட்டை வாளை எடுத்து 1180-ஆம் ஆண்டு வீரன் இடுப்பில் செருகிவிடுவது. படம் கற்பனை உலகத்தில் நடக்கிறது என்று சமாதானம் சொல்வார்கள். கற்பனை உலகத்துக்கும் அடித்தளமாக ஒரு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டுமென்றே மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றினால் ஸ்டைல், தெரியாமல் மாற்றினால் பிழை. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

2. ஆள் யார் என்பதையும் எழுதுங்கள்

இதற்கு அரை நாள் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேரே அவன் தளபதியா, சாதாரண சாமுராயா, அஷிகாருவா, வணிகனா, துறவியா என்று குறியுங்கள். எதோ காலத்தில் இரட்டை வாள் சாமுராய்க்கு மட்டுமே உரியது. சாதாரண மக்கள் குட்டை வாள் வைத்துக்கொள்ள இடமிருந்தது. அதே காலத்தில் சாமுராய் வீட்டுப் பெண்கள் நகினாதா பழகினார்கள். நீண்ட கம்பின் நுனியில் வளைந்த அலகு பொருத்திய ஆயுதம் அது. கேடயம் மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். தரையில் நிறுத்தி வைக்கும் பலகைத் தடுப்புகள் உண்டு. சாமுராய் கையில் கேடயம் ஏந்திப் போரிடுவதில்லை.

3. வாள்: எல்லோரும் பார்க்கப் போவது இதைத்தான்

முதலில் அளவு. ஜப்பானியப் பட்டியல்கள் ஷாகு, சுன் என்ற கணக்கில் இருக்கும். ஒரு ஷாகு 30.3 செ.மீ., அதில் பத்தில் ஒரு பங்கு சுன். அலகு இரண்டு ஷாகுவுக்கு மேல் போனால் நீள வாள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருந்தால் வாகிசாஷி என்ற குட்டை வாள், ஒன்றுக்குக் கீழே இருந்தால் தாந்தோ என்ற கத்தி. எதோ காலத்தில் வழக்கமான கட்டானா அலகு 2 ஷாகு 3 சுன், அதாவது 70 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கைப்பிடியையும் சேர்த்தால் ஒரு மீட்டரை ஒட்டி வரும். எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான். அனிமேட்டர்கள் பத்துக் கிலோ இரும்பைத் தூக்குவது போல அசைத்துவிடுகிறார்கள்.

இந்த ஒரு மீட்டரை ஆறடி நாயகன் பக்கத்தில் வைத்தால் வாள் சின்னதாகத் தெரியும். உடனே வாளை நீட்டச் சொல்வார்கள். எதோ காலத்து ஆண்களின் சராசரி உயரம் 157 செ.மீ. சுற்றுவட்டாரம் என்பதை மறந்துவிடுவதால் வரும் வினை இது. நாயகனின் உயரத்தைக் குறைக்க முடியாது என்றால், வாளையும் அவனையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள்.

அடுத்தது அணியும் விதம். பழைய தாச்சி வாள், வெட்டும் கூர்ப் பக்கம் கீழே பார்க்க, இடுப்பிலிருந்து இரண்டு பட்டைகளில் தொங்கும். பின்னால் வந்த கட்டானா, கூர்ப் பக்கம் மேலே பார்க்க, இடுப்புக் கச்சைக்குள் செருகப்பட்டிருக்கும். அருங்காட்சியகத்திலும் தாச்சியைக் கூர் கீழாகவும் கட்டானாவைக் கூர் மேலாகவும்தான் வைப்பார்கள். படத்தைப் பார்த்தவுடன் எது எது என்று பிரிக்க இது போதும். பழைய தாச்சிகளில் வளைவு ஆழமாக, கைப்பிடிக்கு அருகிலேயே தொடங்கி, நுனிப் பக்கம் போகப் போக நேராகிவிடும். எதோ காலத்துக் கட்டானாவில் வளைவு குறைவு. இரண்டுக்கும் ஒரே மாடலைப் பயன்படுத்த முடியாது.

உருவும் காட்சி இருந்தால் ஹபாகி என்ற சிறு உலோகப் பட்டையைத் தனியாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அலகு கைப்பிடியைச் சந்திக்கும் இடத்தில் இருக்கும். குப்பிக்கு அடைத்த தக்கை போல அதுதான் உறையின் வாயில் இறுகி, வாள் தானாக நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் உருவுவதற்கு முன் இடது கைப் பெருவிரல் கைக்காப்புத் தகட்டை மெல்ல முன்னே தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கும். பிறகு வலது கை வாளை முன்னே இழுக்க, இடது கை உறையைப் பின்னே இழுக்கும். ஒரு கையை மட்டும் அசைத்தால் அத்தனை நீள வாள் உறையைவிட்டு ஒழுங்காக வெளியே வராது. முதல் கீ ஃபிரேமில் அந்தப் பெருவிரல் இருந்தாலே பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உறை ஹோ என்ற மரத்தால் ஆனது. எனவே சவுண்ட் ஆட்கள் ஆசை ஆசையாகச் சேர்க்கும் ‘ஷ்ஷிங்’ வராது. வேண்டும் என்றே வைப்பதானால் வையுங்கள், சினிமா அதற்குப் பழகிப்போய்விட்டது.

பிடிக்கும் விதம்: வலது கை காப்புத் தகட்டை ஒட்டி, இடது கை கைப்பிடியின் கடைசியில், நடுவில் இடைவெளி. இரண்டு கைகளையும் ஒட்டவைத்து வரைவது கிரிக்கெட் மட்டை பார்த்த பழக்கம்.

அலகில் தெரியும் அலை போன்ற கோடு ஹமோன். சூடேற்றிய வாளைத் தண்ணீரில் அமிழ்த்தும் முன், முதுகுப் பக்கம் கனமாகவும் கூர்ப் பக்கம் மெல்லியதாகவும் களிமண் பூசுவார்கள். கூர்ப் பக்கம் வேகமாகக் குளிர்ந்து கடினமாகும், மற்றது மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாக நிற்கும். அந்த எல்லைதான் கோடாகத் தெரிகிறது. படங்களில் இது பளிச்சென்ற வெள்ளைப் பட்டையாக இருக்கும். அந்த வெண்மை பெரும்பாலும் ஹதோரி என்ற மெருகு முறையின் விளைவு, அது எதோ காலத்துக்கு அடுத்த மெய்ஜி காலத்தில் வந்தது. உண்மையான கோட்டைப் பார்க்க, கண்ணாடிப் பெட்டி முன்னால் முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தி, விளக்கின் ஒளி அலகின் மேல் ஓடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே மட்டும், பனி படிந்தது போன்ற பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு விரல் அளவு நகர்ந்தால் மறைந்துவிடும். ஆகவே தூரக் காட்சியில் ஹமோன் வரையவே வேண்டாம். அண்மைக் காட்சியில் ஒளி ஓடும் ஃபிரேம்களில் மட்டும் தோன்றி மறையட்டும். வேலையும் மிச்சம்.

முதுகில் கட்டானாவைக் கட்டிக்கொண்டு வந்து அப்படியே தோளுக்கு மேலே உருவுவதும், நிஞ்சா வாள் என்று விற்கப்படும் நேரான கறுப்பு வாளும் சினிமா கொடுத்த கொடை. அந்த நேரான வாளுக்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது.

4. வில், ஈட்டி, துப்பாக்கி

ஜப்பானிய வில்லைச் சரியாக வரைந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இன்றைய கியூதோ (ஜப்பானிய வில்வித்தை) வில்லின் வழக்கமான நீளம் 221 செ.மீ. ஆளைவிட உயரம். பிடிக்கும் இடம் நடுவில் இல்லை, கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில். அம்பு வில்லின் வலது பக்கம் அமரும். கட்டைவிரலால் நாணைப் பிடித்து, காதுக்கும் பின்னால் வரை இழுப்பார்கள். மேலைநாட்டு வில்லாளிக்குச் செய்த ரிக்கை (பாத்திரத்தை அசைக்கும் எலும்புச் சட்டத்தை) அப்படியே எடுத்தால் இந்த நான்கும் தவறும். குதிரை வீரன் பெரும்பாலும் தன் இடது பக்கமாக எய்வான். அதனால்தான் ஓயொரோய் கவசத்தின் மார்புத் தகடுகள் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. கவசத்தை ஒரு பக்கம் வரைந்து கணினியில் திருப்பி ஒட்டும் சோம்பேறித்தனம் இங்கே செல்லாது. அம்புக்கூடு இடுப்பின் வலது பக்கம், தோளில் அல்ல. குதிரையும் சின்னது, தோள்பட்டை உயரம் 130 செ.மீ. போல. ஏறுவது வலது பக்கத்திலிருந்து.

ஈட்டியின் பெயர் யாரி. அலகு நேராக இருக்கும். காலாள் படையின் நீண்ட ஈட்டிகள் மிரட்டலான நீளம். உள்நாட்டுப் போர்க் காலத் தளபதி ஓதா நொபுனாகாவின் படையில் மூன்றரை கென் ஈட்டி இருந்தது, அது ஆறு மீட்டருக்கு மேல். அகன்ற திரைக்கே அது அடங்காது. ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே கோணத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுத்து வரையாதீர்கள். ஜப்பானியத் திரித் துப்பாக்கியில் தோளுக்கான கட்டை கிடையாது. பின்பகுதியைக் கன்னத்தோடு வைத்துச் சுடுவார்கள். எரியும் திரி, புகை, மறுபடி மருந்திட ஆகும் நேரம் மூன்றும் காட்சியில் இருக்கட்டும். 1575 நாகாஷினோ போரில் மூன்று வரிசையாக நின்று மாறி மாறிச் சுட்டார்கள் என்ற கதை பிரபலம். வரலாற்றாய்வாளர்கள் பலர் அதை இன்று ஏற்பதில்லை. உங்கள் கதை அதை நம்பியே நின்றால் மாற்ற இப்போதே நேரம்.

5. இலவசப் படங்கள்: முதல் வாரத்தில் இதை முடியுங்கள்

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு இடங்களைத் துழாவிவிடுங்கள். தொண்ணூறு சதம் தேவை இங்கேயே தீரும் என்பது என் கணிப்பு.

முதலாவது கோல்பேஸ் (ColBase). டோக்கியோ, கியோட்டோ, நாரா, கியூஷு தேசிய அருங்காட்சியகங்களின் சேகரிப்பை ஒன்றாகத் தேடும் தளம். ஆங்கிலத்திலும் திறக்கும். படங்களை வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை, மூலத்தைக் குறிப்பிட வேண்டும், படத்தை மாற்றியிருந்தால் மாற்றியதையும் சொல்ல வேண்டும். சில பொருள்களுக்கு மூன்றாம் நபர் உரிமை இருக்கலாம், அந்தப் பொருளின் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். 2017 முதல் பொதுவுடைமையான பொருள்களின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள். தேடும்போது திறந்த அணுக்கம் (Open Access) என்ற வடிகட்டியைப் போடுங்கள். எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேறு: பல வாள்கள், கவசங்களுக்கு நீளத்தோடு எடையும் கொடுத்திருப்பார்கள். அனிமேட்டருக்கு எடைதான் தங்கம்.

ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஒரு குறுக்குவழி உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆயுதத்தின் பக்கத்தைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஜப்பானியத்தைச் சொடுக்கி, மேலே இருக்கும் தலைப்பை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் கடைகள் வரும், ஜப்பானிய எழுத்தில் தேடினால் அருங்காட்சியகங்கள் வரும். இன்னொன்று, ஓஷிகாத்தா என்ற வகைப் படங்களைத் தேடுங்கள். வாளின் மேல் தாளை வைத்து வடிவத்தை எடுத்து, ஹமோனைக் கையால் வரைந்து சேர்த்த பதிவுகள் அவை. நிழலும் பளபளப்பும் இல்லாத சுத்தமான கோடு. மாடல் ஷீட்டுக்கு அதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

6. நம்பும் முன் யோசிக்க வேண்டியவை

எதோ கால மரச்செதுக்கு ஓவியங்கள் அழகானவை, கம்போசிஷன் கற்க ஒப்பற்றவை. ஆனால் 1800-களின் ஓவியர் 1180-ஆம் ஆண்டு வீரனை வரைந்தால் அது மேடை நாடகம் கலந்த கற்பனை. பழைய போருக்கு அதே நூற்றாண்டில் வரைந்த சுருள் ஓவியங்களைப் பாருங்கள். மங்கோலியப் படையெடுப்பில் போரிட்ட தகேசாகி சுவெனாகா என்ற சாமுராய் தன் சாகசங்களை வரையச் செய்த சுருள் அப்படிப்பட்டது. வில் எப்படிப் பிடித்தான், குதிரைக்கு என்ன சேணம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

பழைய புகைப்படம் என்றால் ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோக்கோஹாமா ஸ்டுடியோக்களில் வெளிநாட்டாருக்கு விற்பதற்காக, கூலிக்கு ஆளை நிறுத்தி, கிடைத்த கவசத்தை மாட்டி எடுத்தவை ஏராளம். பொருந்தாத துண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள்.

பின்டரெஸ்ட்டில் கிடைக்கும் படத்தை மூலப் பக்கம் தெரியாமல் கோப்பில் சேர்க்கக் கூடாது என்று குழுவில் விதி போட்டுவிடுங்கள். கணினி உருவாக்கிய படத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, கைப்பிடியின் நூல் சுற்று. நிஜத்தில் இரு பக்கமும் ஒழுங்கான வைர வடிவங்கள் வரிசையாக வரும். போலியில் எங்கோ ஓரிடத்தில் குழம்பிவிடும்.

குடும்பச் சின்னங்களிலும் கவனம். எதோ காலத்தில் ஆட்சி செய்த டொகுகாவா குடும்பத்தின் மூவிலைச் சின்னத்தை அழகாக இருக்கிறதே என்று யாரோ ஒரு கொள்ளைக்காரன் தோளில் பதித்துவிடாதீர்கள்.

7. உரிமைக் கோப்பும் கடிதமும்

இதுதான் எல்லோரும் தள்ளிப்போட்டு, பட விழாவுக்கு அனுப்பும் வாரத்தில் தலையில் அடித்துக்கொள்ளும் வேலை. முதல் நாளே ஓர் எக்ஸெல் தாள் திறங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: பொருளின் பெயர், எந்த நிறுவனம், சேகரிப்பு எண், பக்க முகவரி, உரிம வகை, பார்த்த தேதி, எந்த ஷாட்டில் பயன்படுகிறது. உரிம விதிப் பக்கத்தை அன்றைய தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். விதிகள் மாறும், பக்கங்கள் காணாமல் போகும்.

பார்த்து வரைவதற்கும் படத்தையே டெக்ஸ்சராக ஒட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. நூறாண்டு பழைய வாளின் வடிவத்தைப் பார்த்து நீங்களே வரைந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. புகைப்படத்தை அப்படியே மாடலின் மேல் போர்த்தினால் அந்தப் புகைப்படத்தின் உரிமை கேள்விக்கு வரும். இன்றைய வாள்கொல்லர் செய்த வாள் என்றால் வடிவமைப்பே அவருடையது, அதைத் தொடாதீர்கள்.

தனியார் அல்லது கோயில் சேகரிப்பிலிருந்து படம் வேண்டும் என்றால் கடிதம் எழுத வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: படத்தின் பெயர், நீளம், தயாரிப்பவர், எந்தப் பொருள், எத்தனை விநாடி திரையில் வரும், எங்கெல்லாம் வெளியாகும், எத்தனை ஆண்டுக்கு உரிமை வேண்டும். கடைசி இரண்டையும் எழுதாமல் அனுப்பினால் விலை சொல்ல மாட்டார்கள், கேள்விதான் திரும்பி வரும். பட விழா, யூடியூப், ஓடிடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை சொல்வது வழக்கம். எங்களுக்கு ஓர் இடத்திலிருந்து பல வாரம் கழித்து ஜப்பானிய மொழியில் ஒரு படிவம் மட்டும் வந்தது. அதற்குள் காட்சியே ஷாட் லிஸ்ட்டிலிருந்து போய்விட்டிருந்தது. ஆகவே கடிதத்தை முதல் வாரமே, ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலுமாக அனுப்புங்கள். மொழிபெயர்ப்புக்குச் செலவாகும் சில ஆயிரம் ரூபாயைக் கணக்குப் பார்க்க வேண்டாம். புத்தாண்டை ஒட்டிய வாரத்திலும் மே மாதத் தொடக்கத்து விடுமுறை வாரத்திலும் பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

8. அசைவுக்கு ஆளைப் பிடியுங்கள்

பொருளை வரைந்துவிட்டால் பாதி வேலைதான். நம் ஊர்ப் பெருநகரங்களில் கெண்டோ பழகுகிறவர்களைத் தேடிப் பிடித்துவிடலாம், ஆனால் கெண்டோ என்பது நேரான மூங்கில் கழியால் புள்ளி எடுக்கும் விளையாட்டு. வளைந்த வாளை உருவி, வெட்டி, உறையில் இடும் அசைவு வேண்டும் என்றால் இயைதோ பழகியவரைக் கேளுங்கள். போர்க்கால அசைவு வேண்டும் என்றால் கட்டோரி ஷிந்தோ-ரியு போன்ற பழம் பள்ளிகள், குறுக்கு ஈட்டிக்கு நாராவின் ஹோசோயின்-ரியு. அவர்களின் பொது நிகழ்ச்சிப் பதிவுகள் இணையத்தில் உண்டு.

நேரில் பிடித்த ஆளிடம் இரண்டு மணி நேரம் கேளுங்கள், அது போதும். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு கேமரா, நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் குறையாமல். வாளுக்கு உறையோடு கூடிய மர வாள் கொண்டுவரச் சொல்லுங்கள், உறை இல்லாமல் இடது கையின் வேலை பதிவாகாது. ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தில் ‘அசைவு ஆதாரத்துக்கு மட்டும், முகம் வெளியாகாது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஊதியத்தை முன்பே பேசிவிடுங்கள். இது அவர் ஆண்டுக்கணக்கில் பழகியது, ஒரு கப் டீயோடு முடித்துவிடுவது நியாயமல்ல.

9. ஜப்பான் போக வாய்ப்பு இருந்தால்

போகாமலும் முடிக்கலாம். போனால் ஒளி விழும்போது எஃகு எப்படி இருக்கும் என்பது புரியும், அதைப் படத்தில் பார்க்க முடியாது.

டோக்கியோவில் இரண்டு இடம். உவேனோவில் தேசிய அருங்காட்சியகம்: ஹோன்கான் கட்டடத்தின் முதல் மாடியில் 5, 6 எண் அறைகளில் கவசமும் போர் உடையும், தரைத் தளத்தில் 13-ஆம் அறையில் வாள்கள். ஜப்பானியர் தரைத் தளத்தையே முதல் தளம் என்று எண்ணுவார்கள், பலகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ரியோகோகுவில் 2018-இல் புது இடத்துக்கு வந்த ஜப்பானிய வாள் அருங்காட்சியகம். நான் பார்த்த அளவில் இரண்டிலும் நுழைவு 1,000 யென், இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. போகும் முன் தளத்தில் சரிபாருங்கள்.

வாள்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். மிகாசுகி முனெச்சிகா போன்ற புகழ்பெற்ற வாளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், காட்சியில் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்த பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். உவேனோவின் நிரந்தரக் காட்சியில் தடைக்குறி இல்லாத பொருள்களைப் படம் எடுக்கலாம், ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. அந்தப் படங்கள் உங்கள் ஆதாரத்துக்கு மட்டும், திரையில் வைக்க அல்ல.

தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால் நவம்பர் 3. அன்று டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்தில் பழம் போர்க்கலைப் பள்ளிகளின் செயல்விளக்கமும் குதிரை மேலிருந்து அம்பெய்யும் யாபுசமேயும் நடக்கும். ஒரே நாளில் வாளும் வில்லும் ஈட்டியும் பார்த்துவிடலாம். செப்டம்பர் என்றால் 16-ஆம் தேதி கமகுராவின் ட்சுருகவோகா ஹச்சிமான் ஆலயத்தில் யாபுசமே. இடம் பிடிக்கக் காலையிலேயே போங்கள். வாள் அடிப்பதைப் பார்க்க ஒகயாமா மாநிலத்தின் ஓசாஃபுனே வாள் அருங்காட்சியகம், அங்கே கொல்லர்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கலாம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். பயணத் திட்டம், விமானப் பதிவு, ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல் எல்லாம் தயாராக வைத்து ஒரு மாதம் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, விண்ணப்ப மையத்தின் தளத்தில் அன்றன்று பாருங்கள். வெறுமனே பார்த்து ஸ்கெட்ச் போட சுற்றுலா விசா. கேமராக் குழுவோடு படமெடுக்கப் போகிறீர்கள் என்றால் தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் கிளம்பாதீர்கள்.

10. வாள் வாங்கும் ஆசையை அடக்குங்கள்

ரெஃபரன்ஸுக்கு என்று சொல்லி நிஜ வாள் வாங்கிவர நினைப்பவர்கள் உண்டு. ஜப்பானில் ஒவ்வொரு நிஜ வாளுக்கும் பதிவுச் சான்று இருக்க வேண்டும், நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கலாசார விவகார முகமையின் சான்று தனி. இங்கே இறங்கினால் 1959 ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது. கூர் இல்லாத அலாய் வாளே ஆனாலும் சுங்கத்தில் விளக்கம் சொல்லி மாளாது. ஓக் மர வாள் இணையத்திலேயே ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும், நீளம் ஒரு மீட்டர்தான். அசைவுக்கும் விகிதத்துக்கும் அது தாராளம்.

11. அனிமேட்டர் கையில் என்ன கொடுப்பது

எழுபது பக்க ஆய்வை யாரும் படிக்க மாட்டார்கள். ஓர் ஆயுதத்துக்கு ஒரே தாள். நடுவில் பக்கவாட்டுத் தோற்றம், செ.மீ. அளவுகளோடு. அதே பாத்திரம் அதை இடுப்பில் மாட்டியிருக்கும் தோற்றம் முன்னும் பின்னும், நின்றும் உட்கார்ந்தும். உட்காரும்போது என்ன செய்கிறான் என்பதை மறந்துவிடுவோம்: வீட்டுக்குள் நுழைகையில் நீள வாளைக் கழற்றி வலது கையில் பிடிப்பான், வலது கையில் இருந்தால் சட்டென்று உருவ முடியாது என்பதால் அது நல்லெண்ண அடையாளம். பிறகு ஹமோன் எந்த ஷாட்டில் தெரியும், எதில் தெரியாது. கீழே சிவப்பில் ‘செய்யக் கூடாதவை’ நான்கே வரி. உடையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்: கிமோனோவின் இடது மடிப்புதான் மேலே வரும், வலதை மேலே போடுவது பிணத்துக்கு. கேரக்டரைத் திருப்பி ஒட்டும்போது இது மாறிப்போகும், கூடவே வாளும் வலது இடுப்புக்குத் தாவிவிடும். எந்த ஷாட்டையும் இடவலம் திருப்பக் கூடாது என்று எடிட்டரிடமும் சொல்லிவையுங்கள்.

தாளின் அடிக்குறிப்பில் எக்ஸெல் வரிசை எண் இருக்கட்டும். கடைசியில் கிரெடிட் தயாரிக்கும்போது அந்த எண்களை வைத்தே மூலங்களின் பெயரை வரிசையாக எடுத்துவிடலாம். கோல்பேஸ் படங்களுக்குப் பெயர் கட்டாயம், மெட்ரோபாலிட்டன் கேட்பதில்லை என்றாலும் போட்டுவிடுங்கள். உதவிய போர்க்கலை ஆசிரியரின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.